ஒரே மாடல், ஒரே விலை... ஆனால் ஒன்று போல் ஒன்று இல்லை!

பட்டுப் புடவை எடுக்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தது போதாதென்று புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு வருகிறோம். முந்தானையைத் திருப்பி, பார்டரும் உடலும் சேர்ந்திருக்கிறதா, எங்கேயாவது இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். "இரண்டும் ஒரே தறிதாம்மா" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் இரண்டையும் விரித்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுக்கிறோம். ஆனால் அதே விலைக்கு ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்கும்போது பெரும்பாலோர் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே ஆட்டோவில் ஏற்றி விடுகிறார்கள். மாடல் நம்பர் ஒன்றுதானே, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்ற நம்பிக்கை!

அப்படி இல்லை, சகோதரிகளே. ஒரே மாடல், ஒரே விலை, ஒரே நாளில் வந்திறங்கிய இரண்டு மானிட்டர்களை இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைக் குழந்தைகளுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியும். பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்ட நான் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் என் பெண்.

அவள் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பங்களுக்குப் படங்களைச் சீர்செய்து கொடுக்கிறாள். மணப்பெண்ணின் அரக்குப் புடவை அரக்காகவே இருக்க வேண்டும். ராத்திரி ரிசப்ஷன் படத்தில் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும், பின்னால் இருக்கும் இருட்டும் ஒன்றாகக் கரைந்துவிடக் கூடாது. திரையில் ஒரு மூலை வெளுத்துத் தெரிந்தால் இவள் அதைக் குறைக்கப் போய், அச்சில் அந்த மூலை கரியாக வந்து நிற்கும். ஆல்பத்தைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் இவள் தலையில். ஆகவே 2024 ஆடித் தள்ளுபடியில், நான் சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்த பணத்திலிருந்து 13,500 ரூபாய் எடுத்து, 27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கினோம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "ஆடி போகட்டும்டி. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பிரிச்சுக்கலாம்" என்றார். இவர் ஒன்றும் பேசாமல் பில்லைத் திருப்பிக் காட்டினார். குறை இருந்தால் ஏழு நாளைக்குள் கொண்டு வந்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம்! ஆவணி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாமியார் யோசித்துவிட்டுப் பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, "சரி, பிரிங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

அன்று ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு ரிசப்ஷன் படம் ஒன்றைப் போட்டவள், "அம்மா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். நான்கு மூலைகளிலும் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெளிச்சம். கீழ் விளிம்பின் நடுவில் மஞ்சளாக, டார்ச் அடித்தது போல் ஒரு திட்டு. கடைக்குப் போன் செய்தால், "அது ஐ.பி.எஸ். குளோம்மா, எல்லா செட்டுலயும் அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி இல்லை. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதுதான் விஷயமே. எனக்கு அதைப் புரிய வைத்தவன் என் நாத்தனார் பையன். டி.வி., மானிட்டர் சர்வீஸ் செய்கிறவன்.

திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

எங்கள் சிறு வயதில் வீட்டில் டயனோரா டி.வி. இருந்தது. அதில் பிக்சர் டியூப். கறுப்பு வேண்டிய இடத்தில் எலெக்ட்ரான் கற்றை விழாது. விழாத இடம் இருட்டாகவே இருக்கும். இப்போதைய எல்.சி.டி. மானிட்டர் அப்படி இல்லை. திரை தானாக ஒளிர்வதே கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான மானிட்டர்களில் கீழ் விளிம்பிலோ பக்கவாட்டிலோ சின்னச் சின்ன எல்.இ.டி. பல்புகளை வரிசையாக வைத்து, ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகை வழியாக அந்த வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்புகிறார்கள். அதன்மேல் வெளிச்சத்தைச் சமப்படுத்தும் வெள்ளைத் தாள்கள், அதற்கும் மேல் திரவப் படிகம் அடைத்த கண்ணாடி. இந்தப் படிகங்கள் ஒளியைத் திருப்பி, எவ்வளவு வெளியே விடலாம், எவ்வளவு தடுக்கலாம் என்று தீர்மானிக்கின்றன.

(இந்தத் திரவப் படிகத்தின் பூர்வீகம் நம் காய்கறிக் கூடை என்று சொன்னால் நம்புவீர்களா? 1888-ல் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியல் நிபுணர், காரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தபோது, அது ஒரு முறை உருகிக் கலங்கலாக நின்று, இன்னும் சூடாக்கியதும் மறுபடி தெளிந்ததாம். ஆராய்ச்சியின் தொடக்கமே அதுதான்.)

ஆக, மானிட்டரில் கறுப்பு என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விளக்கு எரிகிறது, நடுவில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சாத்திய கதவிலும் கொஞ்சம் வெளிச்சம் வரத்தான் வரும். ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையில் வெள்ளை, கறுப்பைப் போல் சுமார் 1000 மடங்கு பிரகாசம். வி.ஏ. என்ற வகையில் சுமார் 3000 மடங்கு. அதாவது வி.ஏ.யில் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்துகிறது.

இப்போது அந்த இரண்டு வெளிச்சத்துக்கும் வருகிறேன். பழைய காலத்து வீடுகளில், மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய ஜன்னல் இருக்குமே, நினைவிருக்கிறதா? நேராக நின்று பார்த்தால் அடைத்தாற்போல் இருக்கும். கொஞ்சம் குனிந்தோ ஒதுங்கியோ பார்த்தால் சட்டங்களின் இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். ஐ.பி.எஸ். குளோ என்பது ஏறக்குறைய இதுதான். பெரிய திரைக்கு முன்னால் கிட்டத்தில் உட்காரும்போது நடுப்பகுதியை நேராகப் பார்க்கிறோம், மூலைகளைச் சாய்வாகப் பார்க்கிறோம். அதனால்தான் மூலையில் மட்டும் சாம்பல் பூக்கிறது. 24 அங்குல மானிட்டரின் அகலம் 21 அங்குலத்துக்குச் சற்று உள்ளே. 27 அங்குலத்தின் அகலம் கிட்டத்தட்ட இருபத்து மூன்றரை. அதே இடத்தில் உட்கார்ந்தால் பெரிய திரையில் மூலை இன்னும் சாய்வாகிவிடுகிறது, சாம்பலும் கூடுகிறது. இது அந்த வகைத் திரையின் சுபாவம். எத்தனை தடவை மாற்றிக் கொடுத்தாலும் இருக்கும். செட்டுக்குச் செட்டு கூடக் குறைய இருக்குமே தவிர இல்லாமல் போகாது.

விளிம்பில் தெரிந்த அந்த மஞ்சள் திட்டு வேறு. அது கசிவு. சாத்திய கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் வெளிச்சம் வராதா? அந்த மாதிரி. திரையைச் சட்டத்தில் பொருத்தும்போது ஓரிடத்தில் அழுத்தம் கூடிவிட்டாலோ, உள்ளே இருக்கும் தாள் இடம் பிசகினாலோ, லாரியில் வரும் வழியில் பெட்டி இடிபட்டாலோ கசிவு வரும். இது அந்தக் குறிப்பிட்ட செட்டின் குறை.

"ரெண்டையும் எப்படிப்பா பிரிச்சுப் பார்க்கிறது?" என்று கேட்டேன். "ரொம்ப சுலபம் அத்தை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்திப் பாருங்க. அப்புறம் ஆறடி பின்னால போய் நின்னு பாருங்க. உங்களோடவே நகர்ந்தா, இல்ல தூரம் போனதும் குறைஞ்சா, அது குளோ. நீங்க எங்க போனாலும் அது அசையாம அங்கேயே உட்கார்ந்திருந்தா கசிவு" என்றான். செய்து பார்த்தோம். மூலைச் சாம்பல் பின்னால் போகப் போகக் கரைந்தது. மஞ்சள் திட்டு மட்டும் பிடிவாதமாக அங்கேயே இருந்தது. கடைக்காரர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து நம் தலையில் கட்டப் பார்த்தார் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

வீட்டிலேயே செய்யும் பரிசோதனை

மானிட்டர் வந்த அன்றோ மறுநாளோ ராத்திரியில் இதைச் செய்துவிடுங்கள். போட்ட உடனே பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் ஓடட்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அப்போது பின்விளக்கே அணைந்துவிடும். கம்ப்யூட்டரில் 'பெயின்ட்' என்று படம் வரையும் வசதி இருக்கிறதல்லவா, அதில் முழுக்கக் கறுப்பு நிறத்தை ஊற்றி ஒரு படம் செய்து, அதைத் திரை நிறையத் தெரியும்படி போடுங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள்.

முக்கியமாக, பிரகாசத்தைக் குறையுங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் கண் கூசும் அளவுக்கு வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தத் திரையும் கசியத்தான் செய்யும். எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு கைப்பக்குவம்: நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை குறையுங்கள். எங்கள் வீட்டில் அது பாதிக்கும் கீழே வந்து நின்றது. அந்த அளவில் விளக்கை அணைத்துச் சோதித்துப் பாருங்கள்.

கறுப்பு முடிந்ததும் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகப் போடுங்கள். வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் ஓடியிருக்கிறதா, சாம்பலில் ஈரக் கையால் துடைத்த மாதிரி அழுக்குத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சாதாரண முழு எச்.டி. திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பாகம். இதில் ஒன்றிரண்டு எரியாமலோ அணையாமலோ நின்றுவிடுவது உண்டு. எத்தனை புள்ளி போனால் மாற்றித் தருவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பவர்களும் உண்டு, நான்கைந்து வரை பரவாயில்லை என்பவர்களும் உண்டு. வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருட்டில் போன் காமிரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு லேசாகத் தெரிவது படத்தில் வீடு பற்றி எரிகிற மாதிரி வரும். கடைக்காரருக்கும் இது தெரியும், "போன் அப்படித்தாம்மா காட்டும்" என்று தள்ளிவிடுவார். அதனால் என் பெண் படம் எடுக்காமல் வீடியோவாக எடுத்தாள். காமிராவை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தி, பிறகு பின்னால் கொண்டுபோய்... குளோ குறைவதும் கசிவு நிற்பதும் அதில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

இன்னொன்று, திருகைத் தளர்த்து, சட்டத்தை லேசாக முறுக்கு, விளிம்பைத் தேய்த்துவிடு என்று சொல்வார்கள். கிட்டேயே போகாதீர்கள். திறந்த அடையாளம் தெரிந்தால் வாரண்டி போச்சு!

மூன்று பெட்டி கதை

நான்காம் நாள் காலை, மானிட்டரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடையில் பளீரென்று விளக்குகள். அந்த வெளிச்சத்தில் கசிவாவது ஒன்றாவது! "எங்கம்மா இருக்கு? காட்டுங்க" என்று சிரித்தார். என் பெண் வீடியோவைக் காட்டினாள். பிறகு, பின்னாலிருந்த கோடவுனில் விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னாள். கடைப் பையன் போட்டான். கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார், சிரிப்பு நின்றது. இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

இரண்டாவது செட்டில் கசிவு இல்லை. ஆனால் கறுப்பில் நடுத்திரையில் பச்சையாக ஒரு புள்ளி, அணையவே அணையாமல் மின்மினி மாதிரி. "ஒரு புள்ளிக்கா இவ்வளவு? இது என்னம்மா பட்டுப் புடவையா?" என்றார். "பட்டுப் புடவையைத்தான் தினமும் இதுல பார்த்து வேலை செய்யறேன், அண்ணே" என்றாள் இவள். மூன்றாவது பெட்டி வந்தது. அதில் வலது கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் சாம்பல், கசிவு இல்லை, புள்ளி இல்லை. போதும் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அங்கே நிறுத்தியதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். நான்காவது பெட்டியில் வெள்ளை மஞ்சளாக இருந்திருக்கலாம், யார் கண்டது? இந்தக் கண்ணாடிப் பலகைகளைச் செய்கிறவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்: கொரியாவின் எல்.ஜி. டிஸ்ப்ளே, சீனாவின் பி.ஓ.இ., தைவானின் ஏ.யு.ஓ., இன்னொலக்ஸ் என்று சிலர். அவர்களிடமிருந்து வாங்கித்தான் பல கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன. ஒரே மாடலுக்குள் வேறு வேறு தொழிற்சாலைப் பலகைகள் வருவதும் உண்டு. துளி பிசகினாலும் கழித்துவிடுவது என்று ஆரம்பித்தால் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு மானிட்டர் வராது. அதனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது, நமக்கு விழுந்தது அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைத்தான்.

இவ்வளவு தொந்தரவு எல்லோருக்கும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது எல்லாம் வெள்ளைப் பின்னணியில் பகலில் நடக்கிறது. அங்கே குளோ கண்ணுக்கே தெரியாது. ராத்திரி சினிமா பார்க்கிறவர்களுக்கும், இருட்டுக் காட்சி நிறைந்த விளையாட்டு ஆடும் பையன்களுக்கும், படத்தில் வேலை செய்கிறவர்களுக்கும்தான் இந்தப் பாடு. சினிமா மட்டும்தான் என்றால் வி.ஏ. வாங்கலாம், கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நிறம் வெளிறும், இருட்டில் வேகமாக நகர்வது கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். 2022 முதல் ஐ.பி.எஸ். பிளாக் என்று, கறுப்பு இரண்டு மடங்கு நன்றாகத் தெரியும் ரகமும் விற்பனையில் இருக்கிறது, விலை கூடுதல். ஓலெட் என்ற வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பில் தானே அணைகிறது. குளோவும் இல்லை, கசிவும் இல்லை. நம் கையிலிருக்கும் பல செல்போன்களில் இருப்பது இதுதான். போனில் அசல் கறுப்பைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் மானிட்டரைப் பார்த்ததும் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஓலெட் மானிட்டரின் விலை ஐ.பி.எஸ்.ஸைப் போலப் பல மடங்கு. அசையாத படம் நாள் கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயமும் உண்டு.

கண்ணுக்குக் கெடுதலா?

இளம் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூலையில் தெரியும் சாம்பலோ கசிவோ கண்ணை ஒன்றும் செய்யாது. கண் களைப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இருட்டறையில் பளீரென்ற திரையைப் பார்ப்பது ஒன்று. திரையைப் பார்க்கும்போது நாம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கண் சிமிட்டுகிறோம், கண் உலர்ந்து எரிகிறது என்பது இன்னொன்று. கை நீட்டும் தூரத்தில், சுமார் 25 அங்குலத்தில் திரை இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது வினாடி பார்க்கட்டும். மாடித் தென்னை மரமோ எதிர்வீட்டுத் துணிக்கொடியோ, எதுவானாலும் சரி. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி என்று தனியாக விற்கிறார்களே, கம்ப்யூட்டர் பார்ப்பதற்கு அதைச் சிபாரிசு செய்வதில்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கம் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு மேஜை விளக்கு வாங்கலாம். மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி அதை வைத்தால் கண்ணுக்கும் இதம், மூலைச் சாம்பலும் பாதி மறைந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

சிலருக்குப் பிரகாசத்தைக் குறைத்து வைத்தால் தலைவலி வரும். சில மானிட்டர்கள் விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குவது நல்லது. குழந்தை தலைவலி என்று அடிக்கடி சொன்னால் மானிட்டரோடு சண்டை போடாமல் முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக பில். கைக்காகிதம் வேண்டாம், முறையான பில் வாங்குங்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதும் தவறு. குறையுள்ள பொருளை, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் தவறு. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் முப்பது நாள். குளோவைக் குறை என்று சொல்லிச் சண்டை போட முடியாது. கசிவையும் எரிந்து நிற்கும் புள்ளியையும் சொல்லலாம். கடைக்காரர் காது கொடுக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியலாம். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக் காலம் முடியும்வரை பரணில் இருக்கட்டும், அது இல்லாமல் மானிட்டரை எடுத்துப் போகும்போது திரை உடைந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எங்கள் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது, மேலே கொலுப்படிகளைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.